பழைய பித்தளை ஃபிட்டிங்கில் மரை அறிந்து மாற்றுவது எப்படி: செட்டிநாட்டு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

"அண்ணே, போல்ட் ஏறிருச்சு!"

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், முகப்புக் கதவின் கைப்பிடியைப் பூட்டிக்கொண்டிருந்த தம்பி இப்படிக் குரல் கொடுத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் ஸ்பானரால் இன்னொரு முறுக்கு. 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பிடியின் பித்தளைக் கால், மரை ஓட்டையிலிருந்து ஓரம் வரை கீறிவிட்டது. உள்ளே இருந்தது 5/16 அங்குல மரை (மரை என்பது திருகின் மேலும் ஓட்டைக்குள்ளும் சுற்றிச் சுற்றி வெட்டிய வரி). தம்பி போட்டது எம் 8, அதாவது 8 மி.மீ. மெட்ரிக் போல்ட். விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே போகும். அதற்குமேல் மரையின் இடைவெளி ஒத்துப்போகாமல் இறுகும். அந்த இறுக்கத்தை "நன்றாகப் பிடித்துவிட்டது" என்று எண்ணி முறுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை 1940களுக்கு முன் கட்டி முடித்தவை. நம் நாட்டில் மெட்ரிக் அளவு சட்டமானது 1956இல்தான். ஆக, இந்த வீடுகளின் கீல், தாழ்ப்பாள், குமிழ், பூட்டு, குழாய் எல்லாம் அநேகமாக அங்குலக் கணக்கில் செய்தவை. இன்று கடையில் கேட்காமலே எடுத்துத் தருவது மெட்ரிக் போல்ட். இரண்டையும் கலந்தால் சேதம் ஃபிட்டிங்குக்குத்தான். திருகை எப்போது வேண்டுமானாலும் கடைந்துகொள்ளலாம். வார்ப்புப் பித்தளைக் கைப்பிடி ஒன்று உடைந்தால் அதன் ஜோடியைத் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

## 1. மரை பொருந்த வேண்டிய இடம் எது என்று முதலில் பிரியுங்கள்

எல்லாத் திருகுக்கும் மரை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் மூன்று வகையில் ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் ஏறும் திருகு முதல் வகை. கீல், நாதாங்கித் தகடு, கொண்டி எல்லாம் இதில் வரும். இங்கே மரத்தில்தான் பிடிப்பு, பித்தளையில் வெறும் ஓட்டை. திருகின் நம்பரும் தலையின் வடிவமும் சரியாக இருந்தால் போதும்.

மரத்தை ஊடுருவி மறுபக்கம் நட்டில் முடியும் போல்ட் இரண்டாவது வகை. உத்திரத்தில் மாட்டிய ஊஞ்சல் கொக்கி, பெரிய கதவின் இரும்புப் பட்டை போன்றவை. நடுவில் இருப்பது வெறும் துளை. போல்ட்டையும் நட்டையும் சேர்த்து மாற்றினால் பழைய மரை என்னவாக இருந்தாலும் கவலையில்லை, மெட்ரிக்கே போடலாம். இது தெரியாமல் இந்த வகைக்கு அங்குல நட் தேடி அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃபிட்டிங்குக்குள்ளேயே மரை வெட்டியிருப்பது மூன்றாவது வகை. கதவுக் குமிழின் கழுத்தில் இருக்கும் சின்னத் திருகு, கைப்பிடியின் கால், விளக்கின் தண்டு, பூட்டின் மூடி. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி இதற்குத்தான். இங்கே அளக்காமல் எதையும் உள்ளே விடக்கூடாது.

## 2. கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் காலிப்பர் ஒன்று. டிஜிட்டலாக இருந்தால் மி.மீ., அங்குலம் இரண்டையும் காட்டும். மரையில் வைத்துப் பார்க்கும் பல் தகடான மரை கேஜ் இரண்டு செட்: ஒன்று 55 பாகை விட்வொர்த் (பழைய ஆங்கிலேய அங்குல மரை), மற்றது 60 பாகை மெட்ரிக். பெரிய ஹார்டுவேர் கடைகளில் இரண்டும் ஒரே உறையில் கிடைக்கும்.

திருப்புளி வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய திருகுகளின் தலையில் ஒற்றைக் கோடுதான், நட்சத்திர வெட்டு இருக்காது. திருப்புளியின் நுனி அந்தக் கோட்டை அகலத்திலும் கனத்திலும் முழுதாக நிரப்ப வேண்டும். ஆப்பு மாதிரி சரிந்த நுனி, அழுத்தும்போது மேலே ஏறி வழுக்கும், பித்தளைத் தலையைச் சீவிவிடும். ஆகவே மூன்று நான்கு அளவுகளில் வாங்கி, நுனியை அரத்தால் தட்டையாக்கி, அந்தந்தத் திருகுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறேன்.

இவற்றோடு மண்ணெண்ணெய், பித்தளைக் கம்பி பிரஷ், மெழுகுவர்த்தி, 60 வாட் சால்டரிங் அயர்ன், பழைய சேவிங் பிளேடு, சிறு ஜிப் உறைகள், மார்க்கர் பேனா. ஜிப் உறையை விட்டுவிடாதீர்கள், காரணம் அடுத்த பகுதியில்.

## 3. கழற்றுவது: அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக

முதலில் கனத்தைத் தாங்குங்கள். பர்மா தேக்குக் கதவு ஒன்றை இருவர் சேர்ந்து தூக்குவதே சிரமம். கீழே இரண்டு ஆப்பு செருகி, கதவின் எடை கீலிலிருந்து இறங்கிய பிறகுதான் கீலைத் தொட வேண்டும். எடை தொங்கும்போது திருகினால் கடைசித் திருகு வளைந்து உள்ளேயே முறியும்.

அடுத்து, தலையின் கோட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஐம்பது வருட வார்னிஷும், புளி போட்டுத் தேய்த்த சக்கையும் அதில் கல் போல இறுகியிருக்கும். பிளேடின் முனையால் சுரண்டி எடுங்கள். கோட்டின் அடிப்பகுதியில் பித்தளை மின்ன வேண்டும். திருப்புளி அங்கே போய் உட்காராவிட்டால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் வீண். திருகுத் தலையைச் சுற்றியிருக்கும் பெயிண்டையும் பிளேடால் வட்டமாக அறுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு மயிரிழை அளவுக்கு இறுக்குங்கள். ஆமாம், இறுக்கத்தான் வேண்டும். இறுகிப்போன பிடிப்பு இரண்டு பக்கமும் அசைந்தால்தான் விடும். பிறகு இளக்குங்கள். அசையவில்லை என்றால் சால்டரிங் அயர்னின் நுனியைத் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, ஆறவிட்டுத் திரும்ப முயலுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கும்போது துருவும் வார்னிஷும் விட்டுப்போகும். பித்தளைக்குள் பித்தளை என்றால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைக்கலாம். மரத்தில் ஏறிய திருகுக்கு எண்ணெய் விடாதீர்கள். தேக்கு அதைக் குடித்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது.

எல்லாத் திருகையும் ஒரே கிண்ணத்தில் போடுவது அடுத்த தவறு. பழைய கீல்களில் ஓட்டையின் சரிவைக் கையால் குடைந்திருப்பார்கள். ஒரு திருகின் தலை ஓர் ஓட்டையில் சமமாக உட்காரும், பக்கத்து ஓட்டையில் துருத்திக்கொண்டு நிற்கும். எந்தக் கதவு, எந்தக் கீல், மேலிருந்து எத்தனையாவது என்று எழுதித் தனித்தனி உறையில் போடுங்கள். இருபது கீல் உள்ள வளவில் இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். பூட்டும்போது ஒரு நாள் மிச்சம்.

## 4. அளப்பது: முதலில் சுத்தம், பிறகு விட்டம், கடைசியாக இடைவெளி

கழற்றிய திருகை மண்ணெண்ணெயில் நனைத்துப் பித்தளை பிரஷால் தேயுங்கள். புளித்தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் மரையின் அடியில் தங்கும் புளிப்பு பித்தளையை அரித்துக்கொண்டே இருக்கும். இரும்புப் பிரஷும் கூடாது, அது மரையின் முகட்டைத் தேய்த்து அளவையே மாற்றிவிடும்.

விட்டத்தை மரையின் முகட்டுக்கு மேல் அளக்க வேண்டும். அதுவும் நுனியில் அல்ல, நட்டே ஏறாத, தேயாத பகுதியில். பெரும்பாலும் தலைக்கு அடியில் அப்படி ஓர் இடம் இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் அளந்து, அதில் பெரிய எண்ணை எடுங்கள். திருகு தேய்ந்து சிறுக்கும், பெருக்காது.

விட்டத்தோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 1/4 அங்குலத் திருகு புதிதில் 6.35 மி.மீ. தேய்ந்தது 6.1 என்று காட்டும். "எம் 6 போல இருக்கே" என்று வாங்கிவந்துவிடுகிறார்கள். ஆகவே மரைகளின் இடைவெளியை அளந்தே ஆக வேண்டும்.

பத்து இடைவெளியைச் சேர்த்து அளங்கள். ஒரே ஓர் இடைவெளியை அளந்தால் கை நடுக்கமே விடையை மாற்றிவிடும். பத்தாக அளந்தால் அந்தப் பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும். இங்கே ஒரு கணக்குக் கண்ணி உண்டு: பத்து முகட்டை எண்ணினால் இடையில் இருப்பது ஒன்பது இடைவெளிதான். முதல் முகட்டைப் பூஜ்யம் என்று சொல்லித் தொடங்குங்கள், பத்து வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

1/4 அங்குலத் திருகில் அந்த நீளம் 12.7 மி.மீ. வரும். எம் 6 என்றால் 10 மி.மீ. கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். தேய்மானம் விட்டத்தைக் குறைக்கும், இடைவெளியை மாற்றாது. அதனால்தான் சந்தேகம் வந்தால் இடைவெளியை நம்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

திருகு குட்டையாக இருந்து பத்து மரை இல்லையென்றால், ஐந்தை அளந்து இரட்டியுங்கள். மரை கேஜ் இருந்தால் பல்லை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் எங்கும் வெளிச்சம் ஒழுகக்கூடாது. இரண்டு மூன்று மரைக்கு மட்டும் ஒட்டுவதை நம்பாதீர்கள், கேஜின் முழு நீளமும் உட்கார வேண்டும்.

## 5. எந்தக் குடும்பம்?

அளவு கையில் வந்தபின் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இந்த வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இவை.

விட்வொர்த். பெரிய வேலைகளுக்கெல்லாம் இதுதான். 55 பாகைக் கோணம், முகடும் பள்ளமும் உருண்டிருக்கும். நம் பட்டறைகளில் நூல் கணக்கில் சொல்வார்கள்: அங்குலத்துக்கு எட்டு நூல். ஒன்றரை நூல், அதாவது 3/16 அங்குலம்: விட்டம் 4.76 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. இரண்டு நூல், 1/4: 6.35 மி.மீ., 20 மரை. இரண்டரை நூல், 5/16: 7.94 மி.மீ., 18 மரை. மூன்று நூல், 3/8: 9.53 மி.மீ., 16 மரை. நான்கு நூல், 1/2: 12.7 மி.மீ., 12 மரை. மி.மீ.இல் அளந்திருந்தால் 254ஐப் பத்து இடைவெளியின் நீளத்தால் வகுங்கள், அங்குலத்துக்கு எத்தனை மரை என்று வந்துவிடும்.

பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) வரிசை. பூட்டின் உள்பாகம், கடிகாரம், பழைய மின் சுவிட்சு, அழைப்பு மணி இவற்றில் இருக்கும் குட்டித் திருகுகள். கோணம் 47.5 பாகை. நம்பர் ஏற ஏற அளவு சிறுக்கும். 0 பி.ஏ. 6 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. 2 பி.ஏ. 4.7 மி.மீ., இடைவெளி 0.81. 4 பி.ஏ. 3.6 மி.மீ., இடைவெளி 0.66.

இதில் 2 பி.ஏ.தான் அதிகம் ஏமாற்றும். விட்டத்தைப் பார்த்தால் 3/16 அங்குலம் போலவும், இடைவெளியைப் பார்த்தால் எம் 5 போலவும் இருக்கும். 3/16 விட்வொர்த்தில் பத்து இடைவெளி 10.6 மி.மீ., 2 பி.ஏ.யில் 8.1 மி.மீ. அங்கே பிரித்துவிடலாம். எம் 5க்கும் 2 பி.ஏ.க்கும் இடைவெளி ஏறக்குறைய ஒன்று, விட்டத்தில் 0.3 மி.மீ. வித்தியாசம். எம் 5 நட்டை 2 பி.ஏ. திருகில் போட்டால் ஆட்டத்தோடு ஓடும், பிடிக்காது.

பித்தளைக் குழாய் மரை. பழைய ஆங்கிலேய விளக்குகளின் தண்டில் இருக்கும் மெல்லிய மரை. எந்த விட்டமாக இருந்தாலும் அங்குலத்துக்கு 26 மரைதான். குழாயின் சுவர் மெலிதாக இருப்பதால் ஆழமாக வெட்ட முடியாது, அதனால் இந்த ஏற்பாடு.

ஐரோப்பிய மெட்ரிக். செட்டிநாட்டு வீட்டுக்கு வந்த விளக்கும் கண்ணாடியும் எல்லாமே இங்கிலாந்திலிருந்து வந்தவை அல்ல. ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து வந்த விளக்கில் மெட்ரிக் மரை இருக்கும், தண்டில் பெரும்பாலும் எம் 10, இடைவெளி 1 மி.மீ. ஆகவே "பழசு என்றால் அங்குலம்" என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டாதீர்கள்.

தண்ணீர்க் குழாய் மரை. இதில் நிம்மதி. அன்றைய மரைதான் இன்றும் நம் கடைகளில் விற்கிறது. ஆனால் அரை அங்குலக் குழாயின் மரையை வெளியே அளந்தால் 21 மி.மீ. வரும். அரை அங்குலம் என்பது குழாயின் உள்வழியைக் குறிக்கும் பெயர், மரையின் விட்டம் அல்ல. 21 மி.மீ. என்று பார்த்துவிட்டு முக்கால் அங்குலக் குழாய் வாங்கிவராதீர்கள்.

## 6. திருகு தொலைந்து, ஓட்டை மட்டும் இருந்தால்

பழம்பொருள் கடையில் வாங்கிய குமிழோடு திருகு வருவது அபூர்வம். அப்போது உள்மரையிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பென்சில் ஒன்றை எடுத்து, ஓட்டைக்குள் தாராளமாகப் போகும் அளவுக்குச் சீவுங்கள். அதை உள்சுவரின் ஒரு பக்கத்தில் வைத்து அழுத்தி நேராக வெளியே எடுங்கள். பென்சில் மரம் மிருதுவாக இருப்பதால் முகடுகள் வரிவரியாகப் பதியும். அந்த வரிகளை வெர்னியரால் அளந்தால் இடைவெளி கிடைக்கும்.

பிறகு ஓட்டையின் உள்விட்டத்தை அளங்கள். விட்வொர்த் என்றால், உள்விட்டத்தோடு இடைவெளியை 1.28ஆல் பெருக்கிக் கூட்டினால் திருகின் விட்டம் வரும். அண்மையில் ஒரு சன்னல் குமிழில் இப்படிப் பார்த்தேன்: உள்விட்டம் 4.7, இடைவெளி 1.27. பெருக்கினால் 1.63, கூட்டினால் 6.33. 1/4 அங்குலம் என்று முடிவாயிற்று.

கடைசிச் சோதனைக்குப் போல்ட்டை இரவல் வாங்கியாவது பாருங்கள். விரலால் மட்டும் திருக வேண்டும். ஐந்தாறு சுற்று ஒரே மாதிரி, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் போனால் சரி. ஸ்பானரை எடுக்கத் தோன்றினால் அது தவறான மரை, அல்லது அழுக்கான மரை. இரண்டுக்கும் மருந்து ஸ்பானர் அல்ல.

## 7. மரத்திருகு

இதில் கணக்கு எளிது. திருகுத் தலையின் விட்டத்தை அங்குலத்தில் 32இல் எத்தனை பங்கு என்று பாருங்கள், இரண்டைக் கழியுங்கள், அதுதான் நம்பர். தலை 5/16 அங்குலம் என்றால் 10/32, நம்பர் 8. தலை 3/8 என்றால் 12/32, நம்பர் 10. இன்றைய கடையில் 8×32 என்று போட்டிருந்தால் நம்பர் 8, நீளம் 32 மி.மீ., பழைய ஒன்றேகால் அங்குலம்.

பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகே போடுங்கள். இரும்புத் திருகு மழைக்காலத்தில் துருப்பிடித்து, தேக்கில் கறுப்புக் கறை விடும். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்புத் திருகு வேண்டவே வேண்டாம். அது கெட்டியானது, ஆனால் வளையாது. தேக்கின் இறுக்கத்தில் கழுத்தோடு முறியும். தலையின் சரிவும் பழைய கீலுக்குப் பொருந்தாது.

பித்தளைத் திருகு மென்மையானது. தேக்கில் நேரே முறுக்கினால் பாதியில் முறிந்துவிடும். நம்பர் 8க்கு 3 மி.மீ. துளை போட்டு, முதலில் அதே நம்பர் இரும்புத் திருகை முழுதாக ஏற்றி இறக்குங்கள். மரத்தில் வழி வெட்டிக்கொண்டபின், மெழுகு தடவிய பித்தளைத் திருகை ஏற்றுங்கள். கை வலிக்காமல் போகும்.

ஓட்டை அகன்று திருகு பிடிக்காமல் போனால் தீக்குச்சி செருகுவது எல்லோரும் செய்வது. சின்ன கொண்டிக்கு அது போதும். கதவுக் கீலுக்குப் போதாது. ஓட்டையை 10 மி.மீ.க்குச் சுத்தமாகத் துளைத்து, தேக்குக் கட்டை ஒன்றைப் பசை போட்டு அடியுங்கள். அந்தக் கட்டையின் ரேகை நிலையின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். ரேகை திருகின் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் திருகு பிளந்துகொண்டு வெளியே வரும். ஆசாரியிடம் "ரேகை பார்த்து அடிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

## 8. புதுத் திருகு: வாங்குவதா, கடைவதா?

விட்வொர்த் போல்ட்டும் டேப்பும் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) இன்றும் நம் நாட்டில் விற்பனையில் இருக்கின்றன. "இஞ்ச் மரை" என்று கேளுங்கள். "அதேதான், போட்டா ஏறும்" என்று மெட்ரிக்கை நீட்டினால், எடுத்துப்போன கேஜைக் கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

தலை வடிவம் பழையதைப் போல வேண்டும் என்றால் லேத் பட்டறைதான் வழி. பழைய திருகை மட்டும் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்லாதீர்கள். தேய்ந்த மாதிரியைப் பார்த்துத் தேய்ந்த அளவிலேயே கடைந்துவிடுவார்கள். விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை, கோணம், மரையின் நீளம், தலையின் விட்டம், கோட்டின் அகலம் இவை ஆறையும் தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஃபிட்டிங்கையே கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கடையச் சொல்லுங்கள். ஒன்றைக் கடைந்து பார்த்தபின் இருபது கடைவது நல்லது.

பழைய திருகின் நுனி மட்டும் நசுங்கியிருந்தால் புதிது தேவையில்லை. பொருத்தமான நட் ஒன்றை இரண்டாக அறுத்து, நசுங்காத பகுதியில் இரண்டு பாதியையும் வைத்துப் பிடித்து, நுனியை நோக்கி வெளிப்பக்கமாகத் திருகிக் கொண்டுவாருங்கள். நல்ல மரை வழிகாட்டும், நசுங்கியது நிமிரும். டையை (திருகின் மேல் மரை வெட்டும் கருவி) நுனியிலிருந்து ஏற்றினால் அது புதுப்பாதை வெட்டிவிடும் ஆபத்து உண்டு.

## 9. உள்மரை தேய்ந்துபோனால்

முதலில் அதே அளவு டேப்பை விரலால் விட்டு அழுக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

மரையே போயிருந்தால், உடனே அடுத்த பெரிய அளவுக்கு வெட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கதவில் நான்கு குமிழ் ஒரே அளவில் இருக்க, ஐந்தாவது மட்டும் வேறு அளவு என்றால், அடுத்த தலைமுறையில் வேலை செய்பவர் திணறுவார். சுவர் மெலிந்து ஃபிட்டிங்கும் பலம் குறையும். ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் (வெளியே மரை வெட்டிய சின்னக் குழல்) போட்டு, அதற்குள் பழைய அளவையே திரும்ப வெட்டுவதுதான் சரியான வைத்தியம்.

புஷ் அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே 1/4 மரை வேண்டும் என்றால் வெளியே 5/16 போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 5/16 மரையின் அடிப்பள்ளம் 6.13 மி.மீ.தான். உள்ளே வெட்டப்போவது 6.35. சுவரே மிஞ்சாது. வெளியே 3/8 போட்டாலும் அரை மி.மீ. சுவர்தான், சூடு தாங்காது. 7/16 போட்டால் ஒரு மி.மீ.க்கு மேல் சுவர் நிற்கும். அந்த அளவுக்கு ஃபிட்டிங்கில் சதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புஷ்ஷின் வெளிமரையில் ஈயம் பூசி, சூடாக்கி ஏற்றினால் ஆறியபின் அசையாது.

டேப் வெட்டும்போது 1/4 விட்வொர்த்துக்கு 5.1 மி.மீ. துளை, 5/16க்கு 6.5, 3/16க்கு 3.7, 2 பி.ஏ.க்கு 4. செட்டில் உள்ள மூன்று டேப்பையும் வரிசையாக விடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்புவது சீவலை முறிப்பதற்கு, அதை விட்டால் டேப் உள்ளேயே முறியும். உள்ளே முறிந்த டேப்பை எடுப்பதைப் போல வேதனை இந்த வேலையில் வேறில்லை.

மரை வெட்டும்போது பித்தளையின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக, மாவு போல உதிர்ந்தால் அதில் துத்தநாகம் அரித்துப் போய்விட்டது. கடல்நீர் படும் பித்தளையில் இது சகஜம். தொண்டிப் பக்கத்துப் படகுச் சாமான்களிலும், உப்புத்தண்ணீர்க் கிணற்றுக் குழாய்களிலும் எதிர்பார்க்கலாம். அந்தத் துண்டில் மரை நிற்காது. புஷ் போட்டும் பயனில்லை, ஃபிட்டிங்கையே மாற்றுங்கள்.

## 10. ஊஞ்சலும் தொங்கும் விளக்கும்

இங்கே மட்டும் அழகு இரண்டாம் பட்சம். ஆள் உட்காரும் இடம், தலைக்கு மேலே தொங்கும் பொருள்.

மூன்று நூல் போல்ட்டில் எம் 10 நட் ஏறும். விட்டம் கொஞ்சம் சிறிது, இடைவெளி கிட்டத்தட்ட ஒன்று, சில சுற்றுப் போனபின் இறுகும், பார்ப்பதற்குச் சரியாகப் பூட்டியது போலவே இருக்கும். ஆனால் மரைகளில் ஒன்றிரண்டுதான் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும். கானாடுகாத்தான் அருகே ஒரு பட்டாலை ஊஞ்சலில் இப்படி ஒரு நட்டைக் கழற்றினேன். உள்மரையில் பாதி உயரம் சீவிப்போய், கையில் இரும்புத்தூள் கொட்டியது. அந்த வீட்டு ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "பேரப் பிள்ளைக நாலு பேரும் இதுலதானேப்பா ஆடுதுக" என்றார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஊஞ்சல் நட்டைப் பார்த்துவிட்டுத்தான் கதவுப் பக்கம் போகிறேன்.

ஊஞ்சல் போல்ட் ஊடுருவிப் போகும் வகை என்றால் போல்ட், நட், வாஷர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். லேத்தில் கடைந்த பித்தளை போல்ட் இங்கே கூடாது. தரம் எழுதிய எஃகு போல்ட்டாகவும், உத்திரத்தில் பதியாதபடி அகலமான வாஷராகவும் போடுங்கள். நட்டுக்கு மேலே இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும், அதற்குமேல் இன்னொரு பூட்டு நட். பூட்டியபின் ஆள் எடைக்கு மேலாக மணல் மூட்டை வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

விளக்கில் உள்ள ஆபத்து வேறு மாதிரி. 3/8 அங்குலம் 26 மரைத் தண்டில் 1 மி.மீ. இடைவெளி எம் 10 வளையம் போட்டால் இடைவெளி ஒத்துப்போகும், கடைசிவரை ஓடும். விட்டம் மட்டும் அரை மி.மீ. தளர்வு. மரையின் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். விளக்கைத் துடைக்கும்போது ஒரு ஆட்டம் ஆட்டினால் கழன்று விழும். பூட்டியபின் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் இறக்கி அளந்துவிடுங்கள்.

## 11. திரும்பப் பூட்டுவது

எல்லாத் திருகையும் பாதிவரை கையால் ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதைத் தொட்டால் ஓட்டை நேராக நிற்காது, மரை கோணலாக ஏறும். தொடங்கும்போது திருகை முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். மரையின் வாய் ஒன்றுக்குள் ஒன்று விழும்போது ஒரு சின்ன 'கிளிக்' விரலில் தெரியும். அங்கிருந்து முன்னே திருகினால் கோணலாக ஏறவே ஏறாது. புதியவர்களுக்கு நான் முதல் நாளே இதைத்தான் பழக்குகிறேன்.

பித்தளைக்குள் பித்தளை போகும் மரையில் மெழுகோ, துளி கிரீஸோ தடவுங்கள், அடுத்த முறை கழற்றுபவருக்கு உதவும். கீல் திருகுகளின் கோட்டை எல்லாம் நெட்டாக நிறுத்துங்கள். படுக்கையாக இருக்கும் கோட்டில் தூசியும் பாலிஷும் தேங்கும்.

கழற்றிய பழைய திருகுகளை எறியாதீர்கள். எந்தக் கதவுடையது, என்ன மரை, எந்த வருடம் மாற்றியது என்று எழுதி, உறையோடு வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள். கதவின் மேல்விளிம்பிலும் பென்சிலால் "5/16, 18 மரை" என்று எழுதிவிடுகிறேன். கீழே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது, ஏணியில் ஏறி வேலை செய்பவருக்கு முதலில் படுவது அதுதான்.